மழைக்குப் பின் திறக்கும் கண்: வளைகுடா நகரங்களின் கொந்தராத்துகளும் கண்காணிப்பும்

மத்திய கிழக்கு பற்றி எமது சஞ்சிகைகளில் எழுதப்படுபவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, வீட்டுப் பணிப்பெண்களாகச் சென்றோர் படும் துன்பம். மற்றது, எண்ணெய்ப் பணத்தையும் மன்னராட்சியையும் பற்றிய அரசியல் விமர்சனம். இரண்டும் தேவையானவை. ஆனால் அந்த நகரங்களைக் கட்டுவது யார், அரசின் பணம் எந்த வழியால் கொந்தராத்துக்காரரின் கைக்குப் போகிறது, வேலை ஒழுங்காக நடந்ததா என்பதை யார் பார்க்கிறார்கள் என்ற கேள்விகள் அதிகம் எழுப்பப்படுவதில்லை. எம்மவர் பல்லாயிரம் பேர் அந்த வேலைத்தளங்களில் உழைத்திருக்கிறார்கள், இன்றும் உழைக்கிறார்கள். ஆகவே இது எமது விடயமும்தான்.

வளைகுடா நாடுகளில் ஊழலைத் தண்டிப்பதே இல்லை என்றொரு எண்ணம் எம்மிடையே உண்டு. அது சரியல்ல. தண்டிக்கிறார்கள், சில வேளைகளில் மிகக் கடுமையாகவே. நான் சொல்ல முற்படுவது வேறு. அங்கே கண்காணிக்கும் கண் மேலே மட்டுமே இருக்கிறது. சாவு விழுந்த பிறகுதான் அது திறக்கிறது. அது திறந்து அடிக்கும்போதும் அடி கீழே நிற்கும் தொழிலாளியின் முதுகிலேயே அதிகம் விழுகிறது. சவூதி அரேபியாவின் ஜெத்தா, மக்கா ஆகிய இரு நகரங்களில் நடந்தவற்றைக் கொண்டு இதனை விளக்கப் பார்க்கிறேன்.

ஜெத்தா: 90 மில்லிமீற்றர் மழை

2009 நவம்பர் 25. ஹஜ் கடமைகள் தொடங்கிய நாள். செங்கடற் கரையிலுள்ள ஜெத்தாவில் சுமார் நான்கு மணி நேரத்தில் 90 மில்லிமீற்றர் மழை கொட்டியது. அந்நகரில் ஒரு வருடம் முழுவதும் பெய்யும் சராசரி மழையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. மாரிகாலத்து யாழ்ப்பாணத்தவருக்கு இது புதினமான மழை அல்ல. ஆனால் ஜெத்தாவில் 120 பேருக்கு மேல் இறந்தார்கள். கார்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அள்ளுண்டு போயின. சுரங்கப் பாதைகள் கிணறுகளாயின.

அதிகம் அழிந்தது நகரின் கிழக்குப் புறத்திலிருந்த குவைஸா பகுதி. மலைகளிலிருந்து கடலை நோக்கி இறங்கும் வரண்ட ஆற்றுப்படுக்கைகளை அரபு மொழியில் வாதி என்பார்கள். ஆண்டுக்கணக்கில் தண்ணீரே காணாத வாதியைப் பார்ப்பவருக்கு அது வெறும் நிலமாகவே தோன்றும். அந்த நிலம் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டு, விற்கப்பட்டு, கட்டட அனுமதியும் வழங்கப்பட்டிருந்தது. தண்ணீர் தன் பழைய வழியைத் தேடி வந்தபோது அவ்வழியில் வீடுகள் நின்றன. பாகிஸ்தானின் ஸ்வாற் பகுதியிலிருந்து பிழைப்புக்கு வந்திருந்த ஃபர்மான் அலி கான் என்பவர் வெள்ளத்தில் இறங்கி 14 பேரைக் காப்பாற்றிவிட்டு, அடுத்தவரைக் காப்பாற்றப் போன இடத்தில் இறந்தார். சவூதி அரசு பின்னர் அவருக்குப் பதக்கம் வழங்கியது. ஜெத்தாவில் ஒரு வீதிக்கும் அவர் பெயர் உண்டு.

வெள்ளம் வெளிக்காட்டிய இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முப்பது இலட்சத்துக்கு மேல் மக்கள் வாழ்ந்த, உலகின் பெரும் எண்ணெய் வள நாட்டின் இரண்டாவது பெரிய நகரில், மிகப் பெரும்பாலான வீடுகளுக்கு மலசலக் கழிவுக் குழாய் இணைப்பு இருக்கவில்லை. வீட்டின் கீழுள்ள குழியில் கழிவு சேரும். பவுசர்கள் வந்து உறிஞ்சிக்கொண்டு போய் நகரின் கிழக்கே பாலைவெளியில் ஊற்றும். அப்படி ஊற்றி ஊற்றி உருவான ஏரிக்கு ஜெத்தாவாசிகள் மிஸ்க் ஏரி, அதாவது கஸ்தூரி ஏரி, என்று கேலியாகப் பெயர் வைத்திருந்தார்கள். 2009 வெள்ளத்தின்போது அந்த ஏரியின் அணை உடைந்துவிடுமோ என்று நகரமே நடுங்கியது. அதனை வற்றச் செய்யும் வேலை அதன் பிறகே நடந்தது. வடிகாலுக்கும் கழிவுநீருக்கும் என்று பல பத்தாண்டுகளாகப் பணம் ஒதுக்கப்பட்டு வந்திருக்கிறது. வீதியில் இரும்பு மூடிகள் இருக்கும், மூடியைத் தூக்கினால் கீழே குழாய் இருக்காது என்ற கதை ஜெத்தாவில் பரவலாகச் சொல்லப்பட்டது. ஒரு நகரத்து மக்கள் இத்தகைய கதையை இலகுவில் நம்பினார்கள் என்பதே அங்கிருந்த நிலைமையைச் சொல்லப் போதுமானது.

விசாரணையும் அதன் எல்லையும்

வழமையாக இத்தகைய அழிவுகளை இறைவன் செயல் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். இம்முறை அப்படி நடக்கவில்லை. பேஸ்புக் வழியே ஆயிரக்கணக்கானோர் வெளிப்படையாகக் கோபப்பட்டார்கள். ஐந்து நாட்களில் மன்னர் அப்துல்லா விசாரணைக் குழுவொன்றை நியமித்தார். இதுபோன்ற மழை பல நாடுகளில் அடிக்கடி பெய்கிறது, அங்கெல்லாம் இத்தகைய இழப்பு ஏற்படுவதில்லை என்ற கருத்தை அவரது ஆணையே சொன்னது. மக்கா மாகாண ஆளுநர் இளவரசர் காலித் அல் ஃபைசல் குழுவுக்குத் தலைமை தாங்கினார். இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 இலட்சம் றியால் அறிவிக்கப்பட்டது. அதிகாரிகளும் ஒப்பந்தக்காரர்களுமாகப் பலர் விசாரிக்கப்பட்டார்கள். இலஞ்சம், பதவித் துஷ்பிரயோகம், வாதி நிலங்களில் கட்ட அனுமதித்தமை ஆகியவை குற்றச்சாட்டுகளுள் அடங்கின. 2014 டிசெம்பரில் 45 பேருக்கு மொத்தம் 118 ஆண்டுகள் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது.

மன்னராட்சி ஒன்றில் இது சிறிய விடயம் அல்ல. ஆனால் இரண்டு குறைகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, நான் வாசித்த செய்திகளில் தண்டிக்கப்பட்டோரின் பதவிகள் இருந்தன, பெயர்கள் இருக்கவில்லை. எந்தக் கம்பனி எந்த வடிகாலில் என்ன செய்தது என்பதை நகரத்தவர் வாசித்தறிய வழியில்லை. இரண்டாவது, விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே, 2011 ஜனவரியில், இன்னொரு வெள்ளம் வந்து மேலும் சுமார் பத்துப் பேரைக் கொன்றது. தண்டனை வடிகால் ஆகாது. அதன் பிறகுதான் மழைநீர்த் திட்டம் அரசின் எண்ணெய்க் கம்பனியான அரம்கோவின் பொறுப்பில் விடப்பட்டு, அணைகளும் கால்வாய்களும் கட்டப்பட்டன.

இதன் பலனை 2022 நவம்பர் 24இல் காண முடிந்தது. அன்று ஜெத்தாவின் தென்பகுதியில் ஆறு மணி நேரத்தில் 179 மில்லிமீற்றர் மழை பெய்தது. 2009இல் பெய்ததைப் போல இரு மடங்கு. கார்கள் மிதந்தன, பாடசாலைகள் மூடப்பட்டன, விமானங்கள் தாமதமாகின. இறந்தவர்கள் இருவர். அந்த இருவரும் மனிதர்களே. ஆயினும் 120க்கும் 2க்கும் இடையிலான வித்தியாசத்தை மழை தீர்மானிக்கவில்லை. கட்டப்பட்ட வேலையே தீர்மானித்தது. 2009இல் இறந்தவர்கள் எதனால் இறந்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் இல்லை.

மண்ணுக்குக் கீழே போகும் பணம்

அரச ஒப்பந்தத்தில் களவு எங்கே நடக்கிறது? கேள்விப்பத்திரம் கோரும் இடத்தில், இலஞ்சம் கொடுத்து வேலையைப் பிடிப்பதில், என்றே நாம் நினைக்கிறோம். அது ஒரு பகுதி மட்டுமே. வேலை கிடைத்த பிறகு இன்னும் மூன்று வாசல்கள் உண்டு. அளவில் ஏமாற்றுவது ஒன்று: தோண்டியது நூறு மீற்றர், பட்டியலில் நூற்றைம்பது. தரத்தில் ஏமாற்றுவது இன்னொன்று: குழாயின் கீழ் போட வேண்டிய மணல் படுக்கை, சீமெந்தின் அளவு, கம்பியின் தடிப்பு. மூன்றாவது, வேலை நடக்கும்போது மாற்றங்கள் என்ற பெயரில் பெறப்படும் மேலதிகக் கொடுப்பனவு.

இவற்றைத் தடுப்பதற்கென்று ஆலோசகப் பொறியியலாளர் ஒருவர் இருக்கிறார். மாதாமாதம் அவர் கையொப்பமிட்டாற்தான் பணம் வரும். ஆனால் வேலை பிரதான கம்பனியிடமிருந்து துணைக் கொந்தராத்துக்காரருக்கும், அவரிடமிருந்து இன்னொருவருக்கும், அவரிடமிருந்து ஆட்களை மட்டும் வழங்கும் ஏஜென்சிக்கும் இறங்கிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு படியிலும் ஒரு பங்கு கழிகிறது. கடைசிப் படியில் நிற்பவருக்குக் கிடைக்கும் தொகையில் வேலையை ஒழுங்காகச் செய்யவே முடியாது. வடிகாலும் குழாயும் மண்ணால் மூடப்படும் வேலைகள். மூடிய பின்னர் பார்க்க வேண்டுமானால் திரும்பவும் தோண்ட வேண்டும்.

ஆகவே உண்மை தெரிந்தவர்கள் குழிக்குள் இறங்கியவர்கள் மட்டுமே. எண்பதுகளின் நடுப்பகுதியில் வளைகுடா நகரொன்றில், குழாய் பதிக்கும் துணைக் கம்பனி ஒன்றில், நான் இரண்டு வருடம் நேரக்குறிப்பாளராக இருந்தேன். போட வேண்டிய மணல் போடப்படாமலே குழாய்கள் மூடப்படுவதை மலையாள போர்மன் அறிவார், தோண்டும் இயந்திரத்தை ஓட்டிய பஞ்சாபி அறிவார், நாம் எல்லோரும் அறிவோம். பொறியியலாளர் காரிலிருந்து இறங்காமலே கையொப்பமிடுவார். இரவில் முகாமில் மூன்று மொழிகளில் இதுதான் பேச்சு. பகலில் இதைச் சொல்வதற்கு ஓர் அலுவலகமோ ஒரு தொலைபேசி இலக்கமோ இருக்கவில்லை. எல்லோருடைய கடவுச்சீட்டும் கம்பனியின் இரும்புப் பெட்டிக்குள் இருந்தது.

இங்கேதான் கஃபாலா முறை வருகிறது. தொழிலாளியின் வதிவிட அனுமதி, நாம் அக்காமா என்று சொல்வது, அவரைக் கொண்டுவந்த முதலாளியோடு கட்டப்பட்டது. முதலாளி நினைத்தால் அவரை ஓடிப்போனவர் என்று பொலிசில் பதிவு செய்துவிடலாம். அதன் பின்னர் அவர் சட்டவிரோதி. கஃபாலாவை மனித உரிமைப் பிரச்சினையாக நாம் பேசி வந்திருக்கிறோம், அது சரியே. அதனோடு சேர்த்து அது ஒரு கணக்காய்வுப் பிரச்சினையும் ஆகும் என்கிறேன். களவைக் கண்ணால் கண்ட சாட்சியை, களவு செய்பவனின் கையிலேயே கட்டிக் கொடுத்திருக்கும் முறை அது. கட்டார் 2020இலும் சவூதி 2021இலும் வேலை மாறுவதற்கிருந்த தடைகளைத் தளர்த்தின. ஐக்கிய அரபு இராச்சியம் 2009இலேயே சம்பளத்தை வங்கி வழியாகக் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. இவை நல்ல மாற்றங்கள். ஆனால் ஐக்கிய அரபு இராச்சியத்திலும் சவூதியிலும் சுதந்திரமான தொழிற்சங்கம் இன்றுவரை இல்லை. 2013 மே மாதம், புர்ஜ் கலீபாவைக் கட்டிய கம்பனிகளுள் ஒன்றான அரப்டெக்கின் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தபோது பலர் நாடு கடத்தப்பட்டார்கள்.

மக்கா: தண்டனை யாருக்கு?

2015 செப்ரெம்பர் 11. மக்கா பெரிய பள்ளிவாசலின் விரிவாக்க வேலையில் நின்ற இராட்சத பாரந்தூக்கி காற்றில் சரிந்து விழுந்தது. 110 பேருக்கு மேல் இறந்தனர். ஏறத்தாழ 400 பேர் காயமடைந்தனர். வேலையைச் செய்த சவூதி பின்லாடன் குழுமம் நாட்டின் மிகப் பெரிய ஒப்பந்தக் கம்பனி. அரச குடும்பத்தோடு பல பத்தாண்டு நெருக்கமுள்ளது. வேலை இல்லாத நேரத்தில் பாரந்தூக்கியின் நீண்ட கையைத் தாழ்த்தாமல் விட்டது தயாரிப்பாளரின் விதிகளுக்கு முரண் என்று விசாரணை கண்டது. சில நாட்களில் மன்னர் சல்மான் அக்கம்பனிக்குப் புதிய அரச ஒப்பந்தங்கள் வழங்குவதை நிறுத்தினார். இயக்குநர்கள் வெளிநாடு செல்லவும் தடை விதிக்கப்பட்டது.

நல்ல தண்டனைதானே என்று தோன்றும். அடுத்து நடந்ததைப் பார்ப்போம். 2014இன் நடுப்பகுதியில் பீப்பாய் 100 டொலருக்கு மேல் விற்ற எண்ணெய் 2016 ஜனவரியில் 30 டொலருக்கும் கீழே போனது. அரசு ஒப்பந்தக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை இழுத்தடித்தது. தடையும் நிலுவையும் சேர்ந்து பின்லாடன் குழுமத்தை நெரித்தன. கம்பனி சம்பளத்தை நிறுத்தியது. சுமார் 77,000 வெளிநாட்டுத் தொழிலாளரை நீக்கியதாக சவூதிப் பத்திரிகையான அல் வத்தன் எழுதியது. மாதக்கணக்கில் சம்பளம் வராத தொழிலாளர், 2016 ஏப்ரல் இறுதியில் மக்காவில் கம்பனியின் பஸ்களுக்குத் தீ வைத்தனர். 2017 ஜனவரியில் வெளிநாட்டுத் தொழிலாளர் 49 பேருக்குத் தண்டனை விதிக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. சிலருக்கு நான்கு மாதச் சிறையும் 300 கசையடியும். அதே ஆண்டு ஒக்டோபரில், பாரந்தூக்கி வழக்கில் கம்பனியையும் ஏனையோரையும் மக்கா நீதிமன்றம் விடுவித்தது. வழக்கு மேல் நீதிமன்றங்களில் ஏறி இறங்கி, கடைசியாக 2023இல் கம்பனிக்கு 2 கோடி றியால் அபராதம் விதிக்கப்பட்டது.

இதே காலத்தில் ஹரீரி குடும்பத்தின் சவூதி ஓஜர் கம்பனியும் முறிந்தது. 2016 யூலையில் ஜெத்தா முகாம்களில் இந்தியத் தொழிலாளர் உணவின்றித் தவித்ததும், இந்தியத் துணைத் தூதரகம் உணவு கொடுத்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். கம்பனி 2017 யூலையில் மூடப்பட்டது. பிலிப்பீன்ஸ் தொழிலாளர் சுமார் 10,000 பேரின் நிலுவையைத் தருவதாக சவூதி உறுதியளித்தது 2022 நவம்பரில்.

ஆக, கொந்தராத்துக்காரரைத் தண்டிப்பது என்றால் என்ன என்பதையே திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. தொழிலாளரின் சம்பளத்தைத் தனியே பாதுகாத்து வைக்காமல் கம்பனியின் கழுத்தை நெரித்தால், மூச்சு முட்டுவது கடைசிப் படியில் நிற்பவனுக்கே.

மேலிருந்து வரும் நீதியின் இன்னொரு வடிவத்தை 2017 நவம்பர் 4இல் கண்டோம். முடிக்குரிய இளவரசர் முகமட் பின் சல்மான் தலைமையில் ஊழல் ஒழிப்புக் குழு அமைக்கப்பட்டு, இளவரசர்களும் அமைச்சர்களும் பெரும் ஒப்பந்தக்காரர்களும் ரியாத்தின் ஐந்து நட்சத்திர விடுதியொன்றில் அடைக்கப்பட்டார்கள். ஜெத்தா வெள்ளக் கோவை மீண்டும் திறக்கப்படும் என்றும் சொல்லப்பட்டது. 381 பேர் அழைக்கப்பட்டதாகவும், 40,000 கோடி றியாலுக்கு மேல் பெறுமதியான உடன்பாடுகள் எட்டப்பட்டதாகவும் 2018 ஜனவரியில் சட்டமா அதிபர் அறிவித்தார். யார், எதற்காக, எவ்வளவு கொடுத்தார் என்பது வெளியிடப்படவில்லை. களவும் இரகசியம், தீர்ப்பும் இரகசியம் என்றால், அடுத்த வடிகாலைக் கட்டுபவன் அதிலிருந்து கற்றுக்கொள்வது ஒன்றுதான்: மேலிடத்தின் கோபத்துக்கு ஆளாகாதே.

வேறு வழிகள்

குவைத்தில் நிலைமை சற்று வேறாக இருந்தது. அங்கே கணக்காய்வுச் சபையின் அறிக்கைகள் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றத்துக்குப் போயின. 2018 நவம்பரில் வெள்ளம் வந்து வீதிகள் சிதைந்தபோது பொதுவேலைகள் அமைச்சர் ஹுஸாம் அல் ரூமி பதவி விலகினார். வளைகுடாவில் மழைக்காக ஓர் அமைச்சர் பதவி விலகியது அரிய செய்தி. ஆனால் 2024 மே மாதத்தில் எமிர் அந்த நாடாளுமன்றத்தையே கலைத்து, அரசியலமைப்பின் சில பிரிவுகளை நான்கு ஆண்டுகள் வரை நிறுத்திவைத்தார்.

டுபாயில் 2024 ஏப்ரல் 16இல் பெய்த மழை, அந்நாட்டில் 1949இல் பதிவுகள் தொடங்கிய பின்னர் பெய்த மிகப் பெரிய மழை. இரண்டு மாதங்களில் 3,000 கோடி டிர்ஹம் செலவில், 2033இல் முடியும் வடிகால் திட்டம் ஒன்று அங்கீகரிக்கப்பட்டது. இவ்வளவு விரைவு எம் நாடுகளில் கனவு. ஆயினும் தம் வீதியில் வடிகால் ஒழுங்காக இல்லை என்று ஒருவர் படம் பிடித்துப் போட்டால், 2021இன் இணையக் குற்றச் சட்டத்தில் வதந்தி பரப்புதல் என்ற பிரிவு காத்திருக்கிறது. குறைந்தது ஓராண்டுச் சிறை, ஓர் இலட்சம் டிர்ஹம் அபராதம்.

ஜனநாயக நாடுகளில் மட்டும் என்ன வாழுகிறது என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2017 யூன் 14இல் லண்டன் கிரென்ஃபெல் மாடிக் கட்டடத்தில் 72 பேர் எரிந்து இறந்தார்கள். தீப்பற்றும் தகடுகளைச் சுவரில் பொருத்தியது உள்ளூராட்சிப் பணத்தில் நடந்த புனரமைப்பு. அங்கு வசித்தவர்கள் முன்னரே எழுத்தில் எச்சரித்திருந்தார்கள், கேட்பாரில்லை. ஆனால் 2024 செப்ரெம்பரில் வெளிவந்த விசாரணை அறிக்கை கம்பனிகளைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டியது. எவரும் அதை வாசிக்கலாம். எச்சரிக்கைக் கடிதம் எழுதியவரை யாரும் நாடு கடத்தவில்லை. இந்த வித்தியாசம் 72 பேரைக் காப்பாற்றவில்லை என்பது உண்மை. ஆனால் அடுத்த கட்டடத்தில் குடியிருப்பவரின் கையில் ஓர் ஆயுதத்தைக் கொடுக்கிறது. இலங்கையிற்கூட, 2016இன் தகவல் அறியும் சட்டத்தைக் கொண்டு ஒரு கிராமத்தவர் தன் வீதிக்கு எவ்வளவு செலவானது என்று பிரதேச சபையைக் கேட்கலாம்.

எமக்கு இதில் என்ன வேலை? 2034 உலகக்கிண்ண உதைபந்தாட்டம் 2024 டிசெம்பரில் சவூதிக்கு வழங்கப்பட்டுவிட்டது. ஜெத்தா உட்பட ஐந்து நகரங்களில் மைதானங்கள் எழப் போகின்றன. குழிகளில் இறங்கப் போவோர் எம் ஊர்களிலிருந்தும் போவார்கள். கட்டார் உலகக்கிண்ண வேலைகளின்போது, 2016இல், சர்வதேச கட்டட மரவேலைத் தொழிலாளர் சங்கம் ஏற்பாட்டுக் குழுவோடு உடன்பாடு செய்து, மைதான வேலைத்தளங்களைக் கூட்டாகப் பரிசோதித்தது. மைதானங்களுக்கு வெளியே அது எட்டவில்லை. ஆயினும் கதவு திறக்கும் என்பதை அது காட்டியது.

நாம் இன்று ஐரோப்பிய, கனேடிய குடிமக்கள். இங்குள்ள தொழிற்சங்கங்களில் உறுப்பினர். அந்த வேலைகளின் ஆலோசகப் பொறியியற் கம்பனிகள் பல இந்நாடுகளில் பதிவானவை. அவற்றிடம் மூன்றைக் கேட்கலாம். கொந்தராத்துக் கொடுப்பனவிலிருந்து சம்பளம் முதலில் தனியே ஒதுக்கப்பட வேண்டும். மூடப்படும் வேலைகள் பற்றித் தொழிலாளர் தம் மொழியில், பெயர் சொல்லாமல், கம்பனிக்கு வெளியே முறையிட வழி வேண்டும். விபத்து விசாரணைகள் பெயர்களோடு வெளியிடப்பட வேண்டும். இவை புரட்சிகரமான கோரிக்கைகள் அல்ல என்று சிலர் சொல்வார்கள். ஜெத்தாவில் கேட்கப்படாமற் போனவை இவைதான். இன்னும் சிறந்தவை தெரிந்தவர்கள் எழுதட்டும்.